மழை இல்லை, காற்று இல்லை, குளிர் மட்டும் உண்டு: கங்கைச் சமவெளியின் ஜனவரி வார இறுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி முடிந்து தை பிறக்கும் நாட்களில் டெல்லி, கான்பூர், லக்னோ, காசி, பாட்னா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களும், அங்கே பயணம் கிளம்புகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. வெள்ளிக்கிழமை மாலை வானிலை அறிக்கையில் நான்கு வரி இருக்கும்: மழைக்கு வாய்ப்பில்லை, காற்று லேசாக வீசும், அதிகாலையில் அடர்ந்த மூடுபனி, குளிர் நீடிக்கும். மழையும் புயலும் இல்லை என்றதுமே பலர் மேற்கொண்டு படிப்பதில்லை. வடக்கின் குளிர்காலத்தில் நிதானமாகப் படிக்கவேண்டிய அறிக்கையே இந்த நான்கு வரிதான் என்பது பல குளிர்காலங்களை அங்கே கழித்த என் அனுபவம்.

வானிலை "அமைதியாக இருக்கும்" என்றால் என்ன பொருள்?

வடக்கில் குளிர்காலத்து மழையைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேல்காற்றோடு நகர்ந்து வரும் ஈரப்பதமான சுழற்சி அது. இமயத்தில் பனிப்பொழிவையும் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மழையையும் தரும். அப்படி ஒன்று கடந்து போய், அடுத்தது வருவதற்கு நான்கைந்து நாள் இருக்கும்போதுதான் அறிக்கையில் "அமைதி" என்ற தொனி வருகிறது.

அந்த இடைவெளியும் ஒரே மாதிரி இருக்காது. இடையூறு கடந்த முதல் நாள் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும். வடமேற்கிலிருந்து பனிமலைகளைத் தொட்டு வரும் காற்று வீசும். ஊர்க்காரர்கள் இதைப் "பச்சுவா" என்பார்கள். கன்னத்தில் அறையும் காற்று என்றாலும் வெயில் இருப்பதால் பகல் தாங்கும்படி இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் அந்தக் காற்று ஓய்ந்துவிடும். நிலத்தில் மழை ஈரம் இன்னும் இருக்கும். மூடுபனி பிடிப்பது அப்போதுதான். ஆகவே அறிக்கையில் அமைதி என்று பார்த்தால், இடையூறு கடந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள். சனி, ஞாயிறு எப்படி இருக்கும் என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

காற்றே வீசாதபோது குளிர் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது?

காற்று வீசாததும் ஒரு காரணம். பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் தடுத்துக் கீழே அனுப்பும். தெளிந்த வானத்தில் தடுப்பே இல்லை. ஜனவரியில் டெல்லியின் இரவு ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம் நீள்கிறது. அவ்வளவு நேரமும் நிலம் சூட்டை இழக்கிறது, அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தரையோடு படிந்துவிடும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். பலமாகக் காற்று வீசினால் இரண்டும் கலந்து குளிர் குறையும். வீசாவிட்டால் கீழே இருப்பது கீழேயே கிடக்கும்.

அடுத்தது ஈரம். இந்தச் சமவெளி முழுவதும் அந்தச் சமயத்தில் தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல். குளிரும் காற்றால் அந்த ஈரத்தைத் தாங்கிக்கொள்ள முடியாமல் போகும்போது அது நுண்ணிய துளிகளாகி மூடுபனியாக நிற்கிறது. துளி உருவாகப் பற்றிக்கொள்ள ஏதாவது துகள் வேண்டும். செங்கல் சூளை, வண்டிகள், குப்பை எரிப்பு என்று புகைத்துகளுக்கு இங்கே பஞ்சமில்லை. போகி விடியலில் சென்னையில் புகையும் பனியும் கலந்து எதிரே வரும் ஆள் தெரியாமல் போகுமே, அது பஞ்சாபிலிருந்து பீகார் வரை விரிந்து, நாள் கணக்கில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் இமயத்தின் அடிவாரம் முழுக்க வெள்ளைத் துணி விரித்ததுபோல் தெரியும். வடக்கே மலைச்சுவர் நிற்பதால் அது எளிதில் கலைவதும் இல்லை.

அறிக்கையில் எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்?

அதிகபட்ச வெப்பநிலையை. நான் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்வது இதுதான். செய்திகளில் குறைந்தபட்சம்தான் தலைப்பாகும்: "ராஜஸ்தானின் சுருவில் பூஜ்யம்", "டெல்லியில் 3 டிகிரி". ஆனால் அந்தக் குறைந்தபட்சம் பதிவாவது விடியலை ஒட்டி, நீங்கள் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் படுத்திருக்கும் நேரத்தில். பகல் முழுவதும் நீங்கள் நடமாடுவது அதிகபட்சம் என்ற எண்ணுக்குக் கீழேதான்.

ஓர் ஒப்பீடு. ஒரு நாள் குறைந்தபட்சம் 3, அதிகபட்சம் 20. இன்னொரு நாள் குறைந்தபட்சம் 8, அதிகபட்சம் 13. முதல் நாள் படிக்கப் பயமாக இருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கலாம். இரண்டாவது நாள்தான் உயிரை வாங்கும். சூரியன் வெள்ளித் தட்டுப்போல மங்கலாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. சுவர், தரை, படுக்கை, துவைத்த துணி எல்லாவற்றிலும் குளிர் ஊறி நிற்கும். இந்த ஈரக் குளிருக்கு உத்தரப் பிரதேசத்தில் "கலன்" என்று தனியாகவே ஒரு சொல் உண்டு. உறைந்த கை விரல் கரைந்து போவதுபோன்ற குளிர் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

சுருவின் மணல் நிலம் இரவில் சூட்டை வேகமாக இழந்து பூஜ்யத்தைத் தொடும், பகலில் அதே வேகத்தில் ஏறிவிடும். லக்னோவும் கான்பூரும் பூஜ்யத்துக்கு அருகில் அரிதாகவே போகும், ஆனால் பகலிலும் ஏறாமல் கிடக்கும். இரண்டிலும் இருந்து பார்த்தவர்கள் எது கொடுமை என்று தயங்காமல் சொல்வார்கள்.

"குளிர் அலை", "குளிர் நாள்" இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. குளிர் அலை இரவைப் பற்றியது, குளிர் நாள் பகலைப் பற்றியது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு இது: சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்து, இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை குறைந்தால் குளிர் அலை. 6.4ஐத் தாண்டிக் குறைந்தால் கடும் குளிர் அலை. ஊரின் இயல்பு எதுவானாலும் 4 டிகிரியைத் தொட்டால் குளிர் அலை, 2 டிகிரியைத் தொட்டால் கடும் குளிர் அலை. குளிர் நாளுக்கும் குறைந்தபட்சம் 10க்குள் இருக்க வேண்டும், ஆனால் அளந்து பார்ப்பது அதிகபட்சத்தை. அது இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் குறைந்தால் குளிர் நாள், 6.4ஐத் தாண்டினால் கடும் குளிர் நாள்.

குளிர் நாள் என்பது பலருக்கு நினைவில் நிற்காத சொல். 2019 டிசம்பரில் டெல்லிவாசிகள் அதை மறக்க முடியாதபடி கற்றுக்கொண்டார்கள். அந்த மாதம் 30ஆம் தேதி டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலின் உச்சமே 9.4 டிகிரிதான். 1901க்குப் பிறகு டிசம்பரில் அப்படியொரு பகல் அங்கே இருந்ததில்லை. அதே சப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16 அன்று இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 0.6 வரை போனது. 2021 புத்தாண்டு விடியலில் 1.1 டிகிரி.

டெல்லியில் பனி பொழியுமா? குழந்தைகள் ஆசையாகக் கேட்கிறார்கள்.

பொழியாது. வெப்பநிலை மிகவும் இறங்கும் இரவுகளில் வானம் தெளிவாக இருக்கும், பொழிய மேகமே இருக்காது. மேகம் வரும்போது வெப்பநிலை ஏறிவிடும். புல்லிலும் கார்க் கூரையிலும் விடியலில் வெள்ளையாகப் படிந்திருப்பது உறைபனி. பனிப்பொழிவு என்று பரவும் சமவெளிப் படங்கள் பெரும்பாலும் அதுவாகவோ ஆலங்கட்டியாகவோ இருக்கும்.

மூடுபனி எவ்வளவு அடர்த்தி என்று எப்படி அளக்கிறார்கள்? எத்தனை மணிக்கு விலகும்?

கண்ணுக்கு எட்டும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி. ஐம்பது மீட்டர் என்பது இரண்டு ரயில் பெட்டிகளின் நீளத்துக்குச் சற்று மேல். அதற்கு அப்பால் உலகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு பிடித்து, விடியலை ஒட்டி உச்சத்துக்குப் போய், பத்து மணிக்குள் இளகும். வெயில் நிலத்தைச் சுட்டால்தான் அது கரையும். படலம் தடித்துவிட்டால் வெயிலே நிலத்துக்கு வராது. அப்போது தரையை விட்டுச் சற்று எழும்பி, தாழ்ந்த மேகமாக நாள் முழுவதும் தலைக்கு மேல் நிற்கும். குளிர் நாள் உருவாவது பெரும்பாலும் இப்படித்தான்.

எந்த மணிக்கு, எந்த இடத்தில் பிடிக்கும் என்பதை இரண்டு நாள் முன்பே துல்லியமாகச் சொல்வது இன்றும் கடினம். இதற்காகவே புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2015 முதல் டெல்லி விமான நிலையத்தில் கருவிகள் வைத்து மூடுபனியை ஆராய்ந்து வருகிறது. இரண்டு நாள் முன்னறிவிப்பைப் போக்கு அறியவும், கிளம்பும் நாளில் சில மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை முடிவெடுக்கவும் பயன்படுத்துங்கள். வானிலைத் துறையின் மௌசம் செயலியில் இரண்டும் கிடைக்கும்.

ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். எவ்வளவு தாமதம் ஆகும்?

சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் இரண்டாவது இரவின் பின்பகுதியில் ஆக்ரா, மதுரா பக்கம் ஓடுகின்றன. மூடுபனி அடர்ந்திருக்கும் நேரமும் அதுதான். வழியெல்லாம் சரியாக ஓடிய வண்டி கடைசி இருநூறு கிலோமீட்டரில் மணிக்கணக்கில் நின்று நின்று வருவது அதனால்தான்.

சிக்னல் தெரியாததுதான் ஓட்டுநரின் சிக்கல். சிக்னல் நெருங்குகிறது என்று எச்சரிக்க, சக்கரம் ஏறும்போது வெடிக்கும் சிறு வெடிகளைத் தண்டவாளத்தில் வைக்கும் பழைய முறை இன்னும் இருக்கிறது. இப்போது செயற்கைக்கோள் வழிகாட்டலில் அடுத்த சிக்னல் எவ்வளவு தூரம் என்று காட்டும் கருவியை இன்ஜினில் வைக்கிறார்கள். அது வந்த பிறகு மூடுபனியில் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 60லிருந்து 75 கிலோமீட்டராக உயர்ந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், எதிர்பார்க்கவும் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: தாமதமாக வந்து சேரும் அதே பெட்டிகள்தான் திரும்பிக் கிளம்ப வேண்டும். ஞாயிறு இரவு டெல்லியில் வானம் தெளிவாக இருந்தாலும், உங்கள் வண்டி காலையில் தாமதமாக வந்திருந்தால் இரவும் தாமதமாகத்தான் கிளம்பும். வரும் வண்டியின் நிலையைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். முதியவர்களை நடைமேடையில் நான்கு மணி நேரம் உட்கார வைப்பது சிறிய விஷயம் அல்ல.

விமானம்?

பகல் பன்னிரண்டு முதல் மாலை ஐந்து வரையுள்ள நேரத்தில் பதிவு செய்யுங்கள். டெல்லியில் ஓடுபாதைப் பார்வைத்தூரம் 50 மீட்டர் வரை இறங்கினாலும் தரையிறங்கும் வசதி இருக்கிறது, ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மேலெழும்புவதற்கு அதைவிட அதிகத் தூரம் தெரிய வேண்டும். சமவெளியின் மற்ற பல விமான நிலையங்களில் அந்த அளவு வசதி கிடையாது. பாட்னாவுக்கோ காசிக்கோ விடியற்காலை விமானத்தில் போய் அன்றே ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள்.

சொந்தக் காரில் போகலாமா?

முடிந்தால் காலை பத்துக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஒன்றும் தெரியவில்லை என்று சாலையிலேயே வண்டியை நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. விரைவுச் சாலைகளில் நடக்கும் தொடர் மோதல்களில் பல, நின்றுவிட்ட ஒரு வண்டியிலிருந்துதான் தொடங்குகின்றன. உணவகமோ பெட்ரோல் நிலையமோ வரும்வரை மெதுவாகப் போய் அங்கே ஒதுங்குங்கள். யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்துக்கென்று வேக வரம்பைக் குறைத்துவிடுவார்கள். பழைய வரம்பை நினைத்து ஓட்ட வேண்டாம்.

பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அனுமன் காட், கேதார் காட் பக்கம் தமிழ் கேட்கும், இட்லி கிடைக்கும், மனசுக்கு ஊரில் இருப்பதுபோலவே இருக்கும். உடம்புக்கு அது ஊர் அல்ல. சென்னையில் ஜனவரி விடியலின் 21 டிகிரிக்கே குல்லா போடும் உடம்பு, காசியில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இறங்குகிறது.

கங்கை நீராடலை வெயில் வந்த பிறகு, பதினொன்றை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், இறங்கியவர்கள் "பரவாயில்லையே" என்பார்கள். ஆபத்து கரை ஏறும்போது. ஈரத் துணியோடு படிகளில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் உடம்பு சூட்டை இழக்கும் வேகம் மிக அதிகம். உலர்ந்த துணியும் கம்பளியும் பிளாஸ்கில் சூடான பாலும் கரையிலேயே தயாராக இருக்க வேண்டும். மூடுபனியில் விடியல் படகுப் பயணம் வேண்டவே வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை, ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். காதும் பாதமும் மூடியிருக்க வேண்டும். கோயிலில் செருப்பைக் கழற்றிய பிறகு கல் தரையில் நடக்க நேரும் என்பதால் கம்பளிக் காலுறையில் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். தாகம் எடுக்காது, அதனால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். வெந்நீராகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அறையில் அங்கீட்டி (கரியடுப்பு) வைத்துக்கொண்டு தூங்கலாமா?

கூடாது. கரி எரியும் அங்கீட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் விடியலில் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, இருமல் வராது. லேசான தலைவலியும் தூக்கமும் வரும், அவ்வளவுதான். குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் துணி செருகி வைப்பார்கள். அதுவே காற்று வரும் வழியையும் அடைத்துவிடும்.

கரித்தீயை வெளியிலோ திறந்த தாழ்வாரத்திலோ மட்டும் மூட்டுங்கள். படுக்கைக்கு முன் முற்றிலும் அணைத்துவிடுங்கள். குளியலறைக்குள் இருக்கும் எரிவாயு வெந்நீர்க் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜன்னல் திறந்திருக்காத குளியலறையில் அதை ஓட்ட வேண்டாம். வீட்டில் வேலை செய்பவர்கள், வாசலில் இருக்கும் காவலாளி ஆகியோரிடமும் இதைச் சொல்லுங்கள். சின்னஞ்சிறு அறையில் கரித்தீயோடு இரவைக் கழிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கொடுக்க ஒரு கம்பளி இருந்தால் கொடுங்கள். வீடற்றவர்களுக்கு நகராட்சிகள் நடத்தும் இரவுத் தங்குமிடத்தை "ரைன் பசேரா" என்பார்கள். உங்கள் தெருவுக்கு அருகில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் ஒருவருக்கு வழி காட்டலாம்.

காலை நடைப்பயிற்சியைத் தொடரலாமா?

இந்த வார இறுதியில் மாலை நான்கு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தரையோடு படியும் குளிர் காற்றில் புகையும் சேர்ந்தே படிகிறது. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் விடியலில் நடப்பது ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம்.

விவசாயிகளுக்கு இந்தக் குளிர் நல்லதா, கெட்டதா?

பயிரைப் பொறுத்தது. கோதுமைக்கு இது பொற்காலம். குளிர் நீடித்தால் தூர் கட்டும், தண்டு பலப்படும். உருளைக்கிழங்கு, பட்டாணி, கடுகு போட்டவர்களுக்கு இரவுத் தூக்கம் இருக்காது. ஊரில் "பாலா" என்று சொல்லும் உறைபனி ஒரே இரவில் இலைகளைக் கருக்கிவிடும்.

அறிக்கையில் 4 டிகிரி என்று இருந்தால், பூஜ்யத்துக்கு இன்னும் நான்கு டிகிரி இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. வெப்பமானி இருப்பது தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், நிழல் கூண்டுக்குள். காற்றில்லாத தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைந்திருக்கும். 4 என்று அறிவித்த இரவில் செடியின் இலை உறைநிலையைத் தொட்டிருக்கலாம். அதனால்தான் முன்னிரவில் லேசாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஈர மண் சூட்டைத் தேக்கி வைத்து மெதுவாக விடும். வெயிலே இல்லாமல் மூடுபனி பல நாள் நின்றால் உருளைக்கிழங்கில் இலைக்கருகல் நோய் பரவும், அதற்கு வேளாண் அலுவலரின் ஆலோசனையைத் தாமதிக்காமல் பெற வேண்டும்.

இந்தக் குளிர் எப்போது விடும்?

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம்மூரில் சொல்வோம். கங்கைச் சமவெளியில் மாசிக்குள் பகல் வெயில் ஏறத் தொடங்கிவிடும். இப்போதைய வார இறுதிக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்கிலிருந்து வீசும் "புர்வா" தொடங்கினால் அடுத்த மேற்கத்திய இடையூறு நெருங்குகிறது. உயரத்தில் மெல்லிய மேகம் இழையோடும். இரவு வெப்பநிலை 7லிருந்து 10, 11 என்று ஏறும். பிறகு தூறல். அந்தக் குளிர்கால மழையை ஊரில் "மஹாவட்" என்று கொண்டாடுவார்கள், கோதுமைக்கு அது அமுதம். தூறல் விட்ட மறுநாள் பச்சுவா வீசும், வானம் நீலமாகும். துவைக்கச் சேர்ந்திருக்கும் துணிகளை அன்றைக்கே துவைத்துக் காயப்போட்டுவிடுங்கள். மூடுபனி மீண்டும் வர இரண்டு நாள்தான் இருக்கும்.